ஆணி அடிக்காத வீடு

வீரபாண்டி சுண்ணாம்பு வேலையைக் கற்றுக்கொண்டது குப்பை கூட்டும்போது. மாநகராட்சியில் துப்புரவுத் தொழிலாளி. மட்டாஞ்சேரியில் ஒரு பழைய கட்டடத்துக்குச் சாரம் கட்டிப் பழுதுபார்த்த வருடம் அந்தத் தெரு அவர் பொறுப்பில் இருந்தது. கீழே உதிர்ந்த பூச்சைக் கூட்டி வண்டியில் போடுவதற்கு முன் ஒரு துண்டை எடுத்து விரலில் நசுக்கிப் பார்ப்பார். பிறகு நாக்கில் வைப்பார். கரித்தால் மணலைச் சரியாகக் கழுவவில்லை. துவர்த்தால் கடுக்காய்த் தண்ணீர் சேர்த்திருக்கிறார்கள். சாரத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். "பாண்டிக்கு விசக்குன்னு" என்றான் ஒருவன், பாண்டிக்குப் பசிக்கிறதாம். தமிழர்களை மட்டம்தட்ட அங்கே சொல்லும் சொல் தன் பெயரிலேயே இருந்ததால் அவருக்குக் கோபப்பட இடமில்லாமல் போயிற்று.

அவர் பிறந்தது யூதர்கள் வாழ்ந்த ஜூ டவுனுக்குப் பின்னால் ஒரு சந்தில், பாழடைந்த பெரிய வீடு ஒன்றின் முதுகில் சாய்த்துக் கட்டிய தகரக் கொட்டகையில். பெரிய வீடு டச்சுக்காரர் காலத்தில் யாரோ ஒரு வியாபாரி கட்டியது. செம்பாறைக் கல், தேக்கு உத்தரம், மாடி. கடைசியாக அதை வாங்கியவர்கள் பாலக்காட்டிலிருந்து வந்து சுக்கு வியாபாரம் செய்த ஐயர் குடும்பம். அவர்களுடைய கிடங்கைப் பெருக்குவதற்காகச் சங்கரன்கோவிலிலிருந்து வந்தவர் வீரபாண்டியின் அப்பா. கொல்லையில் ஒதுங்க இடம் கொடுத்தார்கள். கொட்டகை எழுந்தது, மாநகராட்சி அதற்குத் தனியாக ஒரு கதவு எண்ணும் கொடுத்தது. வியாபாரம் நொடித்து ஐயர் குடும்பம் எர்ணாகுளத்துக்குப் போன பிறகு பெரிய வீட்டின் கூரையைத் துளைத்துக்கொண்டு ஆலமரம் வளர்ந்தது. கொட்டகையில் வீரபாண்டி கல்யாணம் செய்தார், மகள் அஞ்சு பிறந்தாள்.

2011 ஜூன் மழையில் பெரிய வீட்டின் சுவரில் ஒரு பகுதி சரிந்து கொட்டகையின் மேல் விழுந்தது. ஆளுக்குச் சேதமில்லை. வீரபாண்டி எர்ணாகுளத்துக்குப் போய் வெங்கடேஸ்வரனைப் பார்த்தார். வீட்டுக்காரருக்கு அப்போது எண்பது வயது.

"நேராக்க எனக்குத் திராணி இல்லை பாண்டி. நீ வேணும்னா பண்ணிக்கோ. நிக்கற வரைக்கும் நீயே இருந்துக்கோயேன், யார் கேக்கப்போறா?" என்றார் அவர்.

எழுதி வாங்க வேண்டும் என்று வீரபாண்டிக்குத் தோன்றவில்லை. சுவரைப் பற்றி மட்டும் யோசித்தபடி படகேறித் திரும்பினார்.

பகல் பன்னிரண்டு மணிக்குத் துப்புரவு வேலை முடியும். அதற்குமேல் இருட்டும்வரை வீடு. ஆலமரத்தை வேரோடு எடுக்க ஒரு வருடம் ஆயிற்று. வெட்டினால் மறுபடி துளிர்க்கும் என்பதால் வேர் நுழைந்த கல்லை எல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றி, எண் போட்டு, மறுபடி வைத்தார். யாரோ ஒரு காலத்தில் பூசியிருந்த சிமெண்டை உளியால் கொத்தி எடுத்தார். சிமெண்டு சுவரை மூச்சுவிடாமல் செய்யும், உப்பு உள்ளேயே நின்று கல்லைத் தின்னும். இடக்கொச்சியிலிருந்து கக்கை எனும் சிப்பி ஓடு வாங்கிச் சுட்டு, குழியில் தண்ணீர் ஊற்றி நீற்றி, மூன்று மாதம் தண்ணீருக்கு அடியில் கிடக்கவிட்டார். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் குழைத்தார். ஒரு நாளுக்கு ஒரு முழ உயரம்தான் பூசுவார். அதற்குமேல் பூசினால் கீழே உள்ளது பாரம் தாங்காது. பூசியதன்மேல் ஈரச்சாக்கைக் கட்டி இருபத்தொரு நாள் தண்ணீர் தெளிப்பார். நூல் பிடித்துப் பார்த்து ஒரு நூல் அளவு கோணினாலும் சுரண்டிவிட்டு மறுபடி தொடங்குவார். உத்தரங்களைச் சங்கிலிக் கப்பியில் தனியாக ஏற்றினார். ஓர் உத்தரத்துக்கு எட்டு நாள். மூன்றாம் வருடம் நீற்றும்போது கொதித்த சுண்ணாம்பு இடது கண்ணில் தெறித்தது. அன்றிலிருந்து அந்தக் கண்ணுக்கு வெளிச்சம் மட்டும் தெரியும்.

முனையில் சாயாக்கடை வைத்திருந்த சஜி தினமும் கேட்பான்: "எந்தா சேட்டா, தாஜ்மஹால் எப்போ முடியும்?"

"மும்தாஜ் இன்னும் சாகலியே, அதான் லேட்டு" என்பான் பெஞ்சிலிருந்து இன்னொருவன்.

மனைவி காளியம்மை பால் வாங்க நின்றிருந்தாலும் சொல்வான். அவளும் சிரிப்பாள். வீட்டுக்கு வந்தபின் சிரிக்கமாட்டாள். "அடுக்களை ஒண்ணு கட்டுங்க. கால் நீட்டிப் படுக்க ஒரு அறை. வேற எனக்கு ஒண்ணும் வேண்டாம்" என்பதுதான் அத்தனை வருடமும் அவள் கேட்டது.

2017இல் கொல்லைச் சுவருக்கு வந்தார். அங்கேதான் கொட்டகை சாய்ந்திருந்தது. தகரக் கூரையின் தண்ணீர் நாற்பது வருடமாக அந்தச் சுவரில் இறங்கிக்கொண்டிருந்தது. அடுப்புப் புகை மேலே மாடிவரை கரியாகப் படிந்திருந்தது. கொட்டகை இருக்கும்வரை அந்தச் சுவர் காயாது. வீரபாண்டி மூன்று நாள் அதைச் சுற்றி நடந்தார். நாலாம் நாள் தகரத்தைக் கழற்றினார்.

"இருக்கிற வீட்டை இடிச்சிட்டுச் செத்த வீட்டுக்கு உசிர் கொடுக்கிறீங்க" என்றாள் காளியம்மை. "நாளைக்கு அந்த ஐயர் வீட்டு ஆளு வந்து போடான்னா எங்கே போறது?"

"யார் வரப்போறா? பெரிய வீட்டிலேயே இருப்போம்."

இடித்ததோடு நிற்கவில்லை. மாநகராட்சி அலுவலகத்துக்குப் போய்க் கொட்டகையின் கதவு எண்ணை ரத்து செய்யும்படி எழுதிக் கொடுத்தார். இல்லாத வீட்டுக்கு எண் இருப்பது தப்பு என்று அவருக்குப் பட்டது. அங்கே இருந்த கிளார்க் விண்ணப்பத்தை இரண்டு முறை படித்தார். "நம்பர் வேணும்னு ஆளுகள் என் காலைப் பிடிக்கும் சேட்டா. வேண்டாம்னு வந்தது நீங்க ஒருத்தர்தான்" என்றார். வீரபாண்டி அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். கரியைத் தேய்த்துக் கழுவ அவருக்கு ஐந்து மாதம் ஆயிற்று. கழுவி முடித்தபோது அங்கே ஒரு குடும்பம் சமைத்து வாழ்ந்ததற்கு ஒரு புள்ளிகூட மிஞ்சவில்லை.

பெரிய வீட்டில் கீழே ஒரு அறையில் பாய் விரித்தார்கள். அடுப்பு மூட்டக்கூடாது, புதுச் சுண்ணாம்பில் புகை ஏறும். கரண்ட் எடுக்கக்கூடாது, கம்பி பதிக்கச் சுவரைக் கீறுவார்கள். ஆணி அடிக்கக்கூடாது. காலண்டர்கூடத் தரையில் சாய்ந்து நின்றது. காளியம்மை இடக்கொச்சியில் தன் தங்கை வீட்டில் சமைத்துத் தூக்குச்சட்டியில் கொண்டுவந்தாள். இரண்டு வருடம் அப்படிச் செய்தாள். பிறகு ஒருநாள் தூக்குச்சட்டியைச் சஜியின் கடையில் வைத்துவிட்டு அவள் மட்டும் தங்கை வீட்டுக்கே திரும்பிப் போனாள். அதற்குப்பின் சோறு வந்தது, அவள் வரவில்லை.

2021இல் வெங்கடேஸ்வரன் இறந்தார். அடுத்த வருடம் அவர் மகள் சுபாஷிணி பெங்களூரிலிருந்து வந்தாள். வீட்டை விடுதியாக நடத்த ஒருவர் குத்தகைக்குக் கேட்டிருந்தார். உள்ளே வந்து மாடி ஏறி இறங்கி, பளபளவென்றிருந்த சுவரில் கன்னத்தை வைத்துப் பார்த்தாள்.

"எவ்வளவு அழகா வெச்சுண்டிருக்காய் பாண்டி! அப்பா இருந்தா அழுதிருப்பார்" என்றாள். பிறகு அதே குரலில், "மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடு, கேட்டயா" என்றாள்.

"ஐயர் சாமி நிக்கற வரைக்கும் இருந்துக்கோன்னாரும்மா."

"அப்பா ஆயிரம் பேர்ட்ட ஆயிரம் சொல்லியிருப்பார். நீ இங்கே காவலுக்குப் படுத்துண்டே. அதுக்குப் பேர் குடியிருக்கறதா?"

மகள் அஞ்சுதான் வக்கீலைப் பிடித்தாள். வக்கீல் சொன்னது எளிமையானது: தலைமுறையாக அங்கே குடியிருந்ததையும், வீட்டைக் கட்டி எழுப்பியது தான்தான் என்பதையும் வீரபாண்டி காட்டிவிட்டால் அவரை வெளியேற்ற முடியாது. ரேஷன் கார்டை எடுத்துக் காட்டினார்கள். அதில் இருந்தது கொட்டகையின் எண். அந்த எண்ணை அவரே எழுதிக் கொடுத்து ரத்து செய்த காகிதம் எதிர்த்தரப்புக் கோப்பில் முதல் பக்கமாக இருந்தது.

நீதிமன்றம் வீட்டைப் பார்த்து அறிக்கை தர பினு என்ற இளம் வக்கீலைக் கமிஷனராக அனுப்பியது. வீரபாண்டி அன்று விடியற்காலையிலேயே தரையைத் துடைத்து, வெள்ளைச் சட்டை போட்டு நின்றார். வேலையைப் பார்க்க வருகிறார்கள் என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

"அடுக்களை எவிடே சேட்டா?" என்றார் பினு.

"அடுக்களை இல்லை சாரே. புகை சுவருக்கு ஆகாது."

"அப்போ எப்போ அடுப்பு வெக்கும்?"

"சுண்ணாம்பு நல்லா இறுகட்டும். ஐம்பது வருஷம் ஆகும்."

பினு சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினார். "கரண்ட்?"

"எடுக்கலை. ஒரு கீறல் கிடையாது, பாத்துக்கோங்க."

"போட்டோ, காலண்டர், துணிக்கொடி? எதாவது?"

"ஆணி ஒண்ணு அடிச்சிருந்தா என் கையை வெட்டுங்க சாரே" என்றார் வீரபாண்டி நெஞ்சை நிமிர்த்தி.

அவருடைய வக்கீல் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். சுபாஷிணி கைகட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். பேச வேண்டிய அவசியம் இல்லை. அவள் அழைத்துவந்திருந்த ஸாதனா, பழைய கட்டடங்களைப் பற்றிப் படித்தவள், மேற்குச் சுவரின் வெளிப்பக்கம் நின்று விரலால் தட்டிக்கொண்டிருந்தாள். "இது அந்தக் காலத்துப் பூச்சு. இருநூறு வருஷமாவது இருக்கும். இந்தக் கைவேலை இப்போ யாருக்கும் வராது" என்றாள் பினுவிடம்.

"அது நான் பூசினதும்மா. 2016இல" என்றார் வீரபாண்டி.

அவள் தயவாகப் புன்னகைத்தாள். "நீங்க நல்லாப் பராமரிச்சிருக்கீங்க. அதை நான் எழுதறேன்."

"நான் பூசினது."

"அப்போ காட்டேன் பாண்டி" என்றாள் சுபாஷிணி.

அவர் உள்ளே போய்ச் சுத்தியலும் உளியும் எடுத்துவந்தார். யாரும் தடுப்பதற்குள் மேற்குச் சுவரில் அடித்தார். முதல் அடிக்குப் பூச்சு விடவில்லை, அவ்வளவு இறுக்கம். பத்து அடியில் ஒரு சாண் பெயர்ந்தது. உள்ளே அதே கக்கைச் சுண்ணாம்பு, அதே செம்பாறை. பழைய கல்லையே கழற்றி மறுபடி வைத்திருந்தார். சிமெண்டு கிடையாது, இரும்பு கிடையாது. தன் பெயரையோ வருடத்தையோ எங்கேயும் கீறி வைக்கவில்லை, அது வேலைக்கு அழுக்கு. இன்னும் ஆழமாக வெட்டினார். ஸாதனா கத்தி அழுதாள். வக்கீல் பின்னாலிருந்து கட்டிப் பிடித்தபோது சுவரில் இரண்டு முழம் பொந்து விழுந்திருந்தது. பினு அதை அளந்து எழுதிக்கொண்டார்.

பழமையான சுவரைச் சேதப்படுத்தியவர் என்று ஏப்ரலில் அவரை வெளியேற்ற உத்தரவு வந்தது. வழக்கும் தோற்றது. காளியம்மையின் தங்கை வீட்டில், சகலை முகத்தைப் பார்க்காமல் சாப்பிடப் பழகினார். வக்கீல் மேல்முறையீடு செய்தார்.

"இனி நமக்கு அந்தப் பொந்து ஒண்ணுதான் வழி" என்றார் வக்கீல். "உள்ளே இருக்கிற சுண்ணாம்பை எடுத்துச் சோதிச்சா வயசு சொல்வாங்களாம். புதுசா எங்கேயும் உடைக்க விடமாட்டாங்க, அந்தப் பொந்துலேருந்து எடுக்கணும்னு கோர்ட்டுல கேட்டிருக்கேன். அதுவரைக்கும் யாரும் தொடக்கூடாது. ஆகஸ்டு ஆகும்."

"ஜூன்ல மழை வருமே" என்றார் வீரபாண்டி.

"வரட்டும்."

மேற்கிலிருந்து அடிக்கும் மழை. திறந்த செம்பாறை தண்ணீரைக் குடிக்கும். ஜூலைக்குள் சுவர் ஊதி, ஆகஸ்டில் உத்தரத்தோடு உட்கார்ந்துவிடும். அவர் நாள் எண்ணிக்கொண்டிருக்கையில் சுபாஷிணியின் போன் வந்தது. வந்த கொத்தனார்கள் எல்லாரும் சிமெண்டு என்கிறார்களாம். "நீ வந்து அடைச்சுக் கொடுத்துட்டுப் போயேன். நாள்கூலி தரச்சொல்றேன். அஞ்சு மணிக்கு வெளியே போயிடணும், ஆமா."

"போகாதீங்க" என்றாள் காளியம்மை. "போனீங்கன்னா கோணலாப் பூசிட்டு வாங்க. பாத்தா தெரியட்டும்."

மே மாதம் முழுக்கப் போனார். கோணலாக இரண்டு நாள் பூசியும் பார்த்தார். மூன்றாம் நாள் காலை அதைச் சுரண்டி எடுத்துவிட்டு நூல் கட்டினார். ஐந்து மணிக்குக் காவலாளி அவர் பையைத் திறந்து பார்த்தபின் வெளியே விடுவான். ஜூன் ஒன்றாம் தேதி கடைசிச் சாக்கை அவிழ்த்தார்.

ஆகஸ்டில் பினு மறுபடி வந்தார், சோதனைக்குச் சுண்ணாம்பு எடுக்க நீதிமன்ற உத்தரவோடு. மழையில் நனைந்து மேற்குச் சுவர் நுனிமுதல் நுனிவரை ஒரே நிறமாக நின்றது. பினுவின் பழைய குறிப்பில் பொந்தின் நீள அகலம்தான் இருந்தது, இடம் இல்லை. நாடாவைப் பிடித்துப் பார்த்தார், தட்டிப் பார்த்தார்.

"பொந்து எவிடே சேட்டா?"

வக்கீல் வீரபாண்டியின் காதருகில் வந்தார். "இடத்தைக் காட்டுங்க. அதோட விளிம்புல சுரண்டி எடுத்துடலாம். இது போச்சுன்னா எல்லாம் போச்சு."

வீரபாண்டி சுவர் ஓரமாக நடந்தார். உள்ளங்கையை வைத்துக்கொண்டே போனார். கதவு நிலையிலிருந்து ஏழு முழத்தில் கை ஒரு நொடி நின்றது. பிறகு கடைசிவரை போய்த் திரும்பினார்.

"தெரியலை சாரே" என்றார்.

"நீங்க அடைச்சதுதானே?"

"கண்ணு சரியில்லை."

பினு எழுதிக்கொண்டார்.

காளியம்மை பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தாள். "காட்டினீங்களா?" என்று கேட்டாள். சுவரின் ஈரம் பட்ட உள்ளங்கையை அவர் சட்டையில் துடைத்துக்கொண்டார். அவள் அவருடைய கையைப் பார்த்தாள். இடக்கொச்சி பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் தன் பையை வைத்துக்கொண்டாள். வீரபாண்டி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வந்தார்.