டிக்கியின் கல்

என் அக்கா புருஷன் ஆங் சுல்திம், எங்கள் மலைத்தாய் ஜோமோவின் உச்சியில் ஏழு முறை நின்றவர். மேலே எப்படி இருந்தது என்று கேட்டால், "காத்து ஜாஸ்தி" என்பார். அவரைப் பேசவைப்பதற்குள் நமக்கு உயிர் போய்விடும்.

நிலநடுக்கத்தில் ஜோமோ குறைந்தாளா வளர்ந்தாளா என்று அளக்க, காத்மாண்டுவிலிருந்து நில அளவை அதிகாரி சுஷ்மா ரிமால் வந்தார். முகாமில் நான் சமையல். வெண்ணெய்த் தேநீர் குடித்தபடி அவர் சொன்னார்: இரண்டு நிலங்கள் முட்டிக்கொண்டதில் நடுவிலிருந்த கடலின் தரை மலையாக எழுந்ததாம். இன்னும் முட்டுகிறதாம். வருஷத்துக்கு ஓர் அரிசி நீளம் வளர்கிறதாம்.

"அந்த முட்டல்லதான் பூமியும் நடுங்குது."

மச்சான் அன்று தேநீரைத் தொடவில்லை. மூன்று வருஷம் முன்பு அந்த நடுக்கத்தில் சுவர் விழுந்துதான் அவருடைய ஆறு வயது மகள் டிக்கி போனாள். அந்த ஓர் அரிசி மேல் எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

அளவுக் கம்பத்தை மச்சான் சுமந்து போனார். உச்சியில் அதை ஒரு மணி நேரம் அசையாமல் நிறுத்தினால், செயற்கைக்கோள்கள் உயரத்தைக் குறித்துக்கொள்ளும். கடலையே பார்க்காத மனிதர், அந்த ஒரு மணி நேரமும் கடலடியில் நின்றாராம். தலைக்கு மேல் மீன்கள் மெல்லப் போயினவாம். கம்பத்தின் மறுபக்கத்தை டிக்கி பிடித்திருந்தாளாம்.

இறங்கி வந்ததும் சுஷ்மா துள்ளினார். "அருமையா வந்திருக்குண்ணே! ஒரு வருஷ உழைப்பு. இன்னைக்கே அனுப்பிடறேன்."

"அனுப்பாதீங்க மேடம். கம்பத்தக் கல்லு மேல வெச்சேன்."

உச்சி ஏறியவன் ஒரு கல் வைக்காமல் இறங்குவது எங்கள் வழக்கத்தில் இல்லை. ஆனால் இவர் வைத்தது டிக்கி ஆற்றில் பொறுக்கிய, சிப்பி பதிந்த கல்.

"தெரிஞ்சேதான் வெச்சேன். உயரத்துல அவளும் சேரட்டும்னு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வாய மூடிட்டு இருந்திருக்கலாம்ல மச்சான்? யாருக்குத் தெரியப்போவுது?"

"ஜோமோவுக்குத் தெரியுமேடா."

சுஷ்மா குறிப்பேட்டைத் திறந்தார். பிறகு, "கல்லு எவ்வளவு தடிமன்?" என்றார்.

மச்சானின் இரண்டு கைகளிலும் சில விரல்களைப் பனி எப்போதோ தின்றுவிட்டது. என் கையைப் பிடித்து நான்கு விரல்களைச் சேர்த்துக் காட்டினார். சுஷ்மா ஸ்கேல் வைத்துப் பார்த்தார். ஏழு சென்டிமீட்டர்.

"கழிச்சுட்டேன்ணே," என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஆனா இன்னும் பதினாலு வருஷத்துல மலையே அந்தக் கல்லு தொட்ட உயரத்துக்கு வந்துடும்" என்றார்.

மச்சான் உச்சியைப் பார்த்தபடி உதட்டுக்குள் கணக்குப் போட்டார்.

"அப்போ அவளுக்கு இருபத்திமூணு வயசு."