நல்லரத்தினத்தாரின் ‘ப்ரொபப்ளி’

மட்டக்களப்பில் அரசாங்க அலுவலகமான கச்சேரியின் வாசலில் தட்டச்சு மெஷினோடு உட்கார்ந்து மனு அடித்துக்கொடுத்த நல்லரத்தினத்தாருக்கு ஓர் ஆங்கிலச் சொல்மேல் அபார நம்பிக்கை. ‘ப்ரொபப்ளி’. அனேகமாக என்று அர்த்தம். தொண்ணூறில் சண்டை திரும்ப மூண்டு, பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார் அவரைத் தேடி வரத் தொடங்கியபின் அந்தச் சொல் இல்லாமல் அவர் ஒரு மனுவும் அடித்ததில்லை. ‘அனேகமாக ஆமிக்காரர் கொண்டுபோயிருக்கலாம்.’ அப்படிப் போட்டால் மனுக் கொடுத்தவளுக்கும் ஆபத்தில்லை, அடித்தவருக்கும் ஆபத்தில்லை. பயந்தாங்கொள்ளி என்று சொல்லிவிடாதீர்கள். அந்த நாளில் பயப்படாதவன் யார்?

சித்தாண்டி சீதேவிப்பிள்ளையின் மகன் வினாயகமூர்த்தியை வயல் வட்டையில் வைத்து ஆமிக்காரர் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் அடித்துக்கொடுத்து அவள் கொழும்புக்கு அனுப்பிய மனு இரண்டும் திரும்பி வந்தன. திட்டமான தகவல் இல்லாமல் தேட முடியாதாம். எது திட்டமில்லை என்று வந்து கேட்டாள்.

கைநாட்டு வாங்குமுன் மனுவைத் தமிழில் வாசித்துக் காட்டுவது அவர் வழக்கம். வாசிக்கும்போது அந்த ஒரு சொல்லை மட்டும் விழுங்கிவிடுவார். அன்றைக்கு விழுங்க முடியவில்லை. உள்ளதைச் சொல்லிவிட்டார்.

அவள் ஏசவில்லை. “வரம்பில நிண்டு என்ட கண்ணால கண்டனான். அதில என்ன அனேகம்? அத எடுங்க அண்ணன்.”

எடுத்தால் அவள் சாட்சியாகிவிடுவாள், தேடி வருவார்கள் என்று எடுத்துச் சொன்னார். அதற்குள் பெருவிரலை மையில் ஒற்றிவிட்டாள். அடேயப்பா, என்ன நெஞ்சழுத்தம்! மனிதருக்கு வெட்கமாகப் போய்விட்டது. மனுவைப் புதிதாக அடித்தார். அதுவரை எந்த மனுவிலும் போடாத தன் பெயரையும் விலாசத்தையும் அடியில் போட்டார்.

ஒன்றரை மாதத்தில் பதில் வந்தது. ‘உங்கள் மகன் அனேகமாக உயிருடன் இருக்கிறார்.’ விழுங்கியிருக்கலாம், யாருக்குத் தெரியப்போகிறது? விழுங்காமல் வாசித்தார்.

“அவங்களும் பயத்திலதான் அதப் போட்டிருக்காங்களா?” என்றாள்.

அவர் மெஷினில் புதுத்தாளைச் செருகினார். அந்தச் சொல் வேண்டாம், ஆள் இருக்கிறானா, எந்த முகாம் என்று திட்டமாக அறிவியுங்கள் என்று அடித்தார். அதிலும் தன் பெயரைப் போட்டார்.

அடுத்த பதில் இரண்டே வரி. வாசித்தார். திரும்ப வாசிக்கச் சொன்னாள்.

“அந்தச் சொல் இல்லையா அண்ணன்?”

“இல்ல புள்ள. இருக்கான். வாற வெள்ளிக்கிழமை போய்ப் பாக்கலாமாம்.”