இறக்கைக்கு முன்னால் போனவன்

நெடுஞ்சாலையில் நீளமான சரக்கை அழைத்துப் போகிறவனுடைய தொழில், எல்லாருடைய அவசரத்துக்கும் குறுக்கே நிற்பது. திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் எப்போதாவது உங்கள் பஸ் அசையாமல் நின்று, நீங்கள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி "எவன்டா அவன்" என்று கேட்டிருந்தால், அந்த அவன் நான்தான். கோபம் இருந்தால் இருக்கட்டும். நீங்கள் ஒரு நாள் நின்றீர்கள், நான் அதையே பிழைப்பாக வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் நின்றேன். அந்த வகையில் நாம் ஒரே கட்சி.

தொண்ணூறுகளின் நடுவில், காற்றாலை நிறுவுகிற ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். காற்றாலைகள் எல்லாம் தெற்கே. இறக்கைகள் கப்பலில் சென்னைக்கு வந்து, டிரெய்லர் லாரியில் எங்கள் ஊர் வழியாகப் போகும். எங்கள் எல்லைக்குள் அந்த லாரிக்கு முன்னால் ஜீப்பில் போவது என் வேலை. கொடி காட்டுவது, கிளை வெட்டுவது, தாழ்ந்து தொங்கும் ஒயரை மூங்கிலால் தூக்கிப் பிடிப்பது, மற்ற நேரத்தில் திட்டு வாங்குவது. விழுப்புரத்தில் ஒரு டயர் கடை மாடியில் இருந்த ஓர் அறைதான் ஆபீஸ். டிரெய்லர் ஓட்டியவர் ஏகாம்பரம் அண்ணன், வானூர்ப் பக்கத்துக்காரர். என்னை சார் என்பார். லாரி மாட்டிக்கொண்டால் மட்டும் யோவ் என்பார்.

பெண் பார்க்கப் போன இடத்தில்

வேலைக்குச் சேர்ந்த மறு வருஷம் கண்டமங்கலத்தில் பெண் பார்க்கப் போனோம். பெண்ணின் அப்பா நெல்லும் கரும்பும் வைத்திருந்தவர். மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டார். காற்றாலைக் கம்பெனி என்றேன். அது எங்கே இருக்கிறது என்றார். இங்கே இல்லை, தெற்கே என்றேன். அப்படியானால் இங்கே என்ன செய்கிறாய் என்றார். அது போகும்போது கூடப் போவேன் என்றேன். எதுவரைக்கும் என்றார். விழுப்புரம் தாண்டும் வரைக்கும் என்றேன். சொம்பில் தண்ணீர் கொண்டு வரச் சொன்னார். அவருக்குத்தான்.

சம்பந்தம் முறிந்தது என்றுதான் வீட்டுக்கு வந்தோம். ஆனால் பெண்ணுக்கு என்னைப் பிடித்துவிட்டது போலிருக்கிறது. ஒரு நாள் அவளுடைய அப்பா யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி வந்து, விக்கிரவாண்டிக்கு அருகே ஒரு புளியமரத்தடியில் நின்று என் வேலையைப் பார்த்திருக்கிறார். அன்றைக்கு நான் நடுரோட்டில் சிவப்புக் கொடியோடு நின்றுகொண்டிருந்தேன். இரண்டு பக்கமும் வண்டிகள். அவரைப் பார்த்த ஞாபகம்கூட எனக்கில்லை. வீட்டுக்குப் போய் அவர் சொன்னதை, கல்யாணம் முடிந்த பிறகு என் மனைவி செல்வி சொன்னாள்: "இன்னா வேலைன்னு எனக்குப் புரியல. ஆனா அவன் கையத் தூக்குனா கவர்மெண்டு பஸ்ஸே நிக்குது."

விமானம் விழுந்த நாள்

ஒருமுறை திண்டிவனத்துக்கு வெளியே டிரெய்லரில் ஏதோ கோளாறு. ஓரமாக நிறுத்திவிட்டு மெக்கானிக்குக்குக் காத்திருந்தோம். மேலே கட்டியிருந்த தார்ப்பாய் கிழிந்து, இறக்கை வெள்ளை வெளேரென்று வெளியே தெரிந்தது. சைக்கிளில் போன யாரோ பார்த்துவிட்டுப் போய், பெருமுக்கல் மலையில் விமானம் மோதிவிட்டது, றெக்கையை மட்டும் லாரியில் ஏற்றி வைத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டார். மதியத்துக்குள் திருவிழாக் கூட்டம். ஒரு கான்ஸ்டபிள் வந்து மற்ற பாகங்கள் எங்கே என்று என்னையே விசாரித்தார். பாதிப் பேர் மலையைப் பார்க்கப் போனார்கள். போனவர்கள் திரும்பி வந்து, மலையில் ஒன்றுமில்லை, அதற்குள் அள்ளிவிட்டார்கள் என்றார்கள்.

நாங்கள் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம், கோட்டக்குப்பத்திலிருந்து வாடகைக் காரில் ஒரு பாய் வந்து இறங்கும் வரை. ஜவுளிக்கடை வைத்திருப்பவர். அன்று விடியற்காலை அவருடைய மகன் முதல்முறையாக வளைகுடாவுக்கு விமானம் ஏறியிருந்தான். பாய் நேராகப் போய் இறக்கைமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார்.  இது விமானம் இல்லை பாய், காற்றாலை என்று நானும் ஏகாம்பரம் அண்ணனும் மாற்றி மாற்றிச் சொன்னோம். ஆறுதலுக்குச் சொல்கிறோம் என்றுதான் நினைத்தார். கடைசியில் கையைப் பிடித்து எஸ்.டி.டி. பூத்துக்கு அழைத்துப் போனேன். வீட்டுக்குப் போன் போட்டார். பையன் அங்கே இறங்கி, வீட்டுக்குப் பேசியும் விட்டானாம். ரிசீவரை வைத்துவிட்டு, அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தவர், இறக்கையை இன்னொரு தரம் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "புள்ள நல்லபடியா போய்ச் சேந்துட்டானாம் தம்பி. இந்த றெக்கை இல்லாமலே."

கரண்டு போன காலை

பழைய ரோட்டில் ஒரு கிராமம். அங்கே மின்கம்பி தாழ்வு. மூங்கிலால் தூக்குகிற சமாச்சாரம் இல்லை. மின்வாரியத்தில் சொல்லி, லைனை நிறுத்தி, கம்பியை இறக்கினால்தான் இறக்கை போகும். ஏற்பாடெல்லாம் முறையாகச் செய்து, நல்ல காலை நேரமாகப் பார்த்துப் போனோம். அந்த ஊரில் பம்புசெட்டுக்கு மும்முனை மின்சாரம் வருவதும் அதே காலை நேரம்தான் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

கோவிந்தசாமி என்று ஒரு விவசாயி, மல்லாட்டைக்கு, அதாவது நிலக்கடலைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவர், மண்வெட்டியோடு ரோட்டுக்கு வந்தார். செடி பூ விட்டிருக்கிறது, இன்றைக்குத் தண்ணீர் இல்லாவிட்டால் காய் பிடிக்காது என்றார். நான் என் பாட்டை ஆரம்பித்தேன். இது நாட்டுக்கு மின்சாரம் தயாரிக்கிற சாமான், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் துண்டை உதறி டிரெய்லருக்கு முன்னால் விரித்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். போலீசைக் கூப்பிடலாம் என்றார் லைன்மேன். எனக்கு மனசு வரவில்லை. ஏகாம்பரம் அண்ணன் பக்கத்து ஊரில் யாரிடமோ கேட்டு ஓர் ஆயில் இன்ஜினை மாட்டுவண்டியில் கொண்டு வந்தார். கம்பெனி ஜீப்பிலிருந்த டீசலை ஊற்றி ஓட்டினோம். தண்ணீர் கடைசிப் பாத்தி போய்ச் சேரும் வரை இறக்கையும் நின்றது, அதன் பின்னால் நீங்களும் நின்றீர்கள். அவர் எழுந்து துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். கோபமெல்லாம் போய்விட்டது, நிஜமாகவே விளங்காமல்தான் கேட்டார்: "கரண்டு செய்யற கம்பெனின்னு சொல்றீங்க. நீங்க வந்தாத்தானே எங்களுக்குக் கரண்டே போவுது?"

மரக்காணத்து மீன்

திண்டிவனத்துக்குள் ஒரு திருப்பத்தில் டிரெய்லரின் பின்சக்கரம் சாக்கடை விளிம்பில் இறங்கி, முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் வர முடியாமல் மாட்டிக்கொண்டது. ஏகாம்பரம் அண்ணன் என்னை யோவ் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். கிரேன் வந்தால்தான் ஆகும். நின்ற பஸ்களில் ஒன்றிலிருந்து, தலையில் அலுமினியக் கூடையோடு ஓர் அம்மாள் இறங்கி வந்தாள். பெயர் அஞ்சலை. மரக்காணத்துப் பக்கம் கடலோரக் குப்பம். வீட்டுக்காரர் பிடித்து வந்த மீனை விழுப்புரத்துக்கு எடுத்துப்போய் விற்பவள். கூடையிலிருந்து ஐஸ் தண்ணீர் அவள் தோளில் சொட்டிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அவள் என்னைத் திட்டியதை நான் எங்கும் எழுதப் போவதில்லை. ஆனால் ஒரு வார்த்தையும் நியாயமில்லாதது இல்லை. வெயில் ஏறினால் மீன் போய்விடும். ராத்திரி முழுக்க மனிதர் கடலில் கிடந்து பிடித்து வந்த மீன்.

திட்டி முடித்து மூச்சு வாங்கியவள், சுற்றிப் பார்த்தாள். ஒரு பக்கம் ஆறேழு பஸ். மறு பக்கம் அதற்கு மேல். எல்லாரும் இறங்கி, வேலையில்லாமல் நின்றுகொண்டிருந்தார்கள். அவள் இறக்கையின் நிழலில் கூடையை இறக்கி, மேலே மூடியிருந்த சாக்கை எடுத்தாள். சங்கராவும் வவ்வால் மீனும் மின்னின. குற்ற உணர்ச்சியில் ஏகாம்பரம் அண்ணன்தான் முதலில் வாங்கினார். அப்புறம் ஒரு கண்டக்டர். அப்புறம் கோர்ட்டுக்குப் போகிற ஒரு வக்கீல் சாப்பாட்டு டப்பாவைக் காலி செய்து அதில் வாங்கிக்கொண்டார். ஒரு கல்யாண வேன் மொத்தமும் வந்து நின்றது. கிரேன் வந்தபோது, நாலு பேர் விலை பேசி முடிக்கும் வரை கிரேனை நிறுத்தச் சொன்னார்கள். கூடை காலி. அஞ்சலை அதைக் குப்புறக் கவிழ்த்துத் தட்டிவிட்டு, ரொம்ப மரியாதையாக என்னிடம் வந்தாள்: "நாளைக்கும் இதே நேரத்துக்கு வருவீங்களா சார்? சொன்னீங்கன்னா ரெண்டு கூடையா எடுத்தாந்துடறேன்."

காம்பவுண்டு சுவர்

கம்பெனி வளர்ந்தது. வெளிநாட்டிலிருந்து வாங்கியதுபோய் இங்கேயே செய்ய ஆரம்பித்தார்கள், பிறகு வெளிநாட்டுக்கே விற்க ஆரம்பித்தார்கள் என்று சுற்றறிக்கை வரும். எனக்கு அதெல்லாம் தெரிய வேண்டியதில்லை. இறக்கையின் நீளத்தைப் பார்த்தாலே போதும். ஆரம்பத்தில் ஒரு பஸ்ஸைவிடக் கொஞ்சம் நீளமாக இருந்தது. அப்புறம் இரண்டு பஸ் நீளம். அப்புறம் பஸ்ஸை வைத்து அளப்பதையே விட்டுவிட்டேன்.

விழுப்புரத்துக்குள் ஒரு வளைவில், ரயில்வே கார்டாக இருந்து ஓய்வு பெற்ற நடராஜன் என்பவரின் வீடு. லாரி திரும்பும்போது இறக்கையின் நுனி வெளியே வீசும். ஒரு தடவை அவருடைய காம்பவுண்டு சுவரைத் தள்ளிவிட்டது. கம்பெனி கட்டிக் கொடுத்தது. அடுத்த மாடல் வந்தது, திரும்பவும் தள்ளியது. அவர் சண்டை போடவில்லை. சுவரைக் கொஞ்சம் உள்ளே தள்ளிக் கட்டச் சொன்னார். அதற்கடுத்த மாடலுக்கு அவரே சுவரில் அகலமாக ஒரு கேட் வைத்துவிட்டார். நான் முன்கூட்டியே தகவல் சொல்லிவிடுவேன். அவர் பழைய பச்சைக் கொடியையும் சிவப்புக் கொடியையும் எடுத்துக்கொண்டு, சலவைச் சட்டையோடு வந்து நிற்பார். கேட் திறக்கும். இறக்கையின் நுனி உள்ளே வரும், அவருடைய மல்லிகைப் பந்தலைத் தொடாமல் ஒரு சுற்றுச் சுற்றும், வெளியே போகும். அவர் பச்சை காட்டுவார். அவர் வீட்டம்மா மட்டும் பந்தலைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியபடி நிற்பார்.

அடுத்த மாடலும் வரப்போகிறது என்று சொல்லப் போனேன். எனக்கே வெட்கமாக இருந்தது. காப்பி கொடுத்தார். நீளத்தைச் சொன்னேன். எழுந்து போய்ப் பந்தலைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், உள்ளே எட்டிப் பார்த்தார். திரும்பி வந்து உட்கார்ந்து நிதானமாகக் கேட்டார்: "அதுக்கும் அடுத்த மாடல் எவ்வளவு வரும்னு இப்பவே கேட்டுச் சொல்லிடுங்க தம்பி. படுக்கையை எந்த ரூம்ல போடறதுன்னு முடிவு பண்ணணும்."

நல்லவேளையாக, அந்த மாடல் வருவதற்குள் புறவழிச்சாலை வந்துவிட்டது.

எமர்ஜிங் மார்க்கெட்

கம்பெனி பிரேசில், தென்னாப்பிரிக்கா என்று போய்விட்ட பிறகு ஒரு நாள் சென்னையிலிருந்து மேனேஜர் போன் செய்தார். பிரேசில் கிளையிலிருந்து ஓர் அதிகாரி வருகிறார், குறுகலான ரோட்டில் எப்படி இறக்கை கொண்டு போகிறோம் என்று பார்க்க வேண்டுமாம். எமர்ஜிங் மார்க்கெட்டில் நமக்குள்ள அனுபவத்தை எடுத்துச் சொல்லு என்றார். வளர்ந்து வருகிற சந்தை என்று அர்த்தம் சொல்லிக் கொடுத்தார்.

புறவழிச்சாலையில் பார்க்க ஒன்றும் இல்லாததால், அதிகாரியைத் திண்டிவனத்துப் பழைய ரோட்டுக்கே கூட்டிப் போனோம். நெட்டையான மனிதர், எதைச் சொன்னாலும் சிரிப்பார். டீ குடிக்கும்போது ஏகாம்பரம் அண்ணனைப் பார்த்து, இங்கே மார்க்கெட் எப்படி வளர்கிறது என்று கேட்டார். நான் தமிழில் சொன்னேன். அண்ணன் எதிரே ரோட்டோரக் காய்கறிக் கடைகளைப் பார்த்தார். வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது, போன வருஷம் ரோட்டு ஓரத்தில் இருந்தது, இந்த வருஷம் ரோட்டு மேலேயே வந்துவிட்டது, யாராலும் நிறுத்த முடியவில்லை, ரொம்ப பேஜாரு என்றார். பேஜாரை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். அதிகாரி டம்ளரை வைத்துவிட்டு அண்ணனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் சொன்னதைத் தமிழில் சொன்னால் இதுதான்: "எங்கள் நாட்டிலும் இப்படித்தான் வளர வேண்டும் என்று நாங்கள் பாடுபடுகிறோம்."

நேரில் பார்த்தது

பிறகு இறக்கைகள் வேறு துறைமுகம், வேறு வழி என்று போய்விட்டன. டயர் கடை மாடி அறையைக் காலி செய்தார்கள். ஏகாம்பரம் அண்ணன் சிமெண்ட் லாரிக்குப் போனார். முன்பக்கம் திரும்பினால் பின்பக்கமும் கூடவே திரும்புகிற வண்டி ஓட்டுவது நிம்மதி என்றார். நான் ஊரிலேயே ஒரு லாரி புக்கிங் ஆபீசில் உட்கார்ந்தேன்.

அதற்கடுத்த வருஷம் நாகர்கோவிலில் ஒரு கல்யாணம். செல்வியோடு பஸ்ஸில் போனேன். ஒரு வளைவு திரும்பியதும் மலையடிவாரம் முழுக்கக் காற்றாலைகள். இத்தனை வருஷத்தில் நான் ஒரு காற்றாலைகூடப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் எல்லை விழுப்புரத்தோடு முடிந்துவிடும். இதில் எது எது நான் அனுப்பியது என்று தேடினேன்.  கண்டக்டரிடம் இரண்டு நிமிஷம் நிறுத்த முடியுமா என்று கேட்டேன். பின்னால் வண்டிகள் வருகின்றன, நினைத்த இடத்தில் எல்லாம் ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்க முடியாது என்று எனக்கே சொன்னார். செல்வி ஜன்னலோரம் என்னை உட்கார வைத்துவிட்டு, என் தோளுக்கு மேலாக ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு வந்தாள். கடைசியில் சொன்னாள்: "நின்னுக்கினு இருந்தா எவ்ளோ நல்லா இருக்குது பாருங்க. நம்ம ஊர்ல படுத்துக்கினேதானே போச்சு."

கம்பெனி வளர வளர அதன் இறக்கை வளர்ந்தது, இறக்கை வளர வளர அதன் பின்னால் நின்று ஹாரன் அடித்த உங்கள் வரிசையும் வளர்ந்தது, அந்த இரண்டாவது வளர்ச்சியில் என் பங்கு கணிசமானது என்று நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.