கரவன் ஹீற்றர் வழக்கு

நான் முதன்முதலாக வாதாடி வென்ற வழக்கு ஒரு பழைய கரவனின் ஹீற்றரைப் பற்றியது. அப்போது எனக்கு ஒன்பது வயது. எதிர்த்தரப்பில் நின்றவர் அப்பா. நடுவர் பொறுப்பைத் தாமாகவே எடுத்துக்கொண்டவர் மாமா. அந்த வெற்றியை இன்றும் பெருமையோடுதான் நினைத்துக்கொள்கிறேன்.

டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோவில் எங்கள் உறவினர் எவரிடமும் கரவன் இருந்ததில்லை. காருக்குப் பின்னால் ஒரு வீட்டை இழுத்துக்கொண்டு போய்க் குளிரில் படுத்திருப்பதும் விடுமுறைதான் என்று அம்மாவை ஒப்புக்கொள்ள வைக்க அப்பாவுக்கு மூன்று கோடைகள் பிடித்தன. எரிவாயுவில் எரியும் ஹீற்றரோடு ஒரே அறையில் உறங்குவதா என்பதே அம்மாவின் அச்சம். அப்பா காற்றாலைத் தொழிற்சாலையில் மின்கம்பி பொருத்துபவர். அச்சத்துக்கு அஞ்சுபவர் அல்லர். என்னைவிட மூத்த ஒரு வண்டியை வாங்கினார். இலையுதிர்கால விடுமுறை தொடங்கியதும் கடலோர முகாமொன்றுக்குப் போய்ச் சேர்ந்தோம். அம்மாவின் தம்பியான மாமாவும் கூட வந்திருந்தார்.

அன்று காலை பத்து மணிக்கு அப்பா ஹீற்றரின் பொத்தானை அழுத்தினார். விற்றவரின் வீட்டு வாசலில் அழகாக எரிந்து காட்டிய அது, இங்கே 'டிக்' என்று ஓர் ஓசைகூட எழுப்பவில்லை.

"கண்டறியாத கரவனும் உங்கடை ஹீற்றரும்!" என்றார் அம்மா, கம்பளிக்குள்ளிருந்து. "மத்தியானத்துக்குள்ளை சூடு வராட்டி நான் வீட்டை போறன். பிறகு இந்தப் பக்கம் என்னைக் கூப்பிடக் கூடாது, சொல்லிப்போட்டன்."

அம்மா சொன்னதைச் செய்பவர். மூன்று கோடைகளின் உழைப்பு ஒரு பொத்தானில் தொங்கியது.

"ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கோ அத்தான். எங்கடை ரீவி அப்பிடித்தானே வேலை செய்யுது" என்றார் மாமா.

அப்பா தட்டவில்லை. தீப்பொறியை எழுப்பும் சிறிய பற்றரியைக் கழற்றி மீற்றரில் வைத்தார், பற்றரி நல்லது. கம்பியை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை சோதித்தார், கம்பியும் நல்லது. ஆகவே குற்றவாளி இரண்டுக்கும் நடுவில்தான் நிற்கிறான் என்பது எனக்கே விளங்கிவிட்டது. பற்றரிப் பெட்டியின் அடியிலிருந்த உலோகத் தகட்டில் மஞ்சளாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது.

"துரு" என்றார் அப்பா சட்டென்று, பெருவிரலால் அதை மறைத்தபடி.

"துருவில்லை அப்பா, சந்தனம்!"

வீட்டில் நான் டெனிஷ் மொழியில்தான் பதில் சொல்வேன். அன்று மட்டும், வழக்கு அம்மாவின் காதில் தெளிவாக விழவேண்டும் என்பதற்காக, தமிழில் வாதாடினேன். துரு மணக்காது, இது மணக்கிறது. துருவின் நடுவில் குங்குமம் இராது, இதில் இருக்கிறது. வண்டி வாங்கிய அன்று, எலுமிச்சம்பழத்தைச் சில்லுக்கடியில் வைத்து நசித்த பிறகு, அம்மா ஒவ்வொரு மூடியாகத் திறந்து பொட்டு வைத்ததை நானே கண்ணால் கண்டேன்.

மாமா கைதட்டினார். "பிள்ளை வெண்டிட்டாள்! அக்கா, டென்மார்க்கிலை பற்றரிப் பெட்டிக்கும் பொட்டு வைச்ச ஒரே ஆள் நீங்கள்தான்!"

அம்மா சிரிக்கவில்லை. எழுந்து கம்பளியை மடிக்கத் தொடங்கினார். "நான்தான் பழுதாக்கினனான் எண்டால், நான் போறன்."

வெற்றியின் மயக்கத்தில் நான் அந்தக் குரலைக் கவனிக்கவில்லை. அப்பா தகட்டைச் சுரண்டித் துடைத்தார். பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டியபடி, ஹீற்றருக்குப் பின்புறம் கையைவிட்டுச் சற்று நேரம் எதையோ செய்துகொண்டிருந்தார்.

"இஞ்சை வந்து பாரும்" என்று அம்மாவை அழைத்தார்.

எரிவாயுக் குழாயை உரசி ஓடிய கம்பியொன்றில் உறை உரிந்து செம்பு வெளியே தெரிந்தது.

"ஹீற்றர் முதல் தரமே பத்தியிருந்தால் நான் இதைத் திறந்தே பாத்திருக்க மாட்டன். உம்மடை பொட்டுத்தான் மறிச்சது."

அம்மா நெடுநேரம் அந்தக் கம்பியைப் பார்த்தார். மடித்த கம்பளியை மறுபடி விரித்தார். "இப்ப சொல்லும் பிள்ளை, ஆர் வெண்டது?" என்று என்னிடம் கேட்டார்.

அப்பா கம்பிக்கு நாடா சுற்றிப் பொத்தானை அழுத்தினார். டிக், டிக், நீலத் தீ. அந்த வாரம் முழுவதும் தங்கினோம். அடுத்த ஆண்டுக்கும் இடம் கேட்டுப் பதிந்தவர் அம்மாதான்.

தீர்ப்பு திருத்தப்பட்டதில் எனக்குச் சிறு மனத்தாங்கல் இருந்தது. ஆயினும் பழுதைக் கண்டுபிடித்தவள் நான்தான் என்று பள்ளியில் எல்லாரிடமும் சொன்னேன். அப்பா நாடா சுற்றும் முன் அந்தக் கம்பியையும் குனிந்து பார்த்திருந்தேன். செம்பு புத்தம் புதிதாகப் பளபளத்தது. என்னைவிட மூத்த வண்டிக்குள் அத்தனை காலம் திறந்து கிடந்த செம்பு கறுத்துப்போயிருக்க வேண்டும் என்பது அன்று எனக்குத் தெரியாது.