ஊற்றைக் குறிக்காத படம்

'ஆற்றைக் காப்போம், ஊற்றைக் காப்போம்' என்று துணியில் பெரிய எழுத்தில் எழுதியவன் நான்தான். சின்னசேலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியராக இருக்கிறேன். ஊரில் திருவிழாவோ சாவோ, எதை எழுத வேண்டுமானாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நீலத்தில் அலை போட்டு, அலைக்கு மேலே ஒரு குடம் வரைந்து, மூன்று நாள் மெனக்கெட்டேன். அந்தத் துணியில் இப்போது என் அண்ணன் மக்காச்சோளம் காயப்போடுகிறார். போன வாரம் களத்துப் பக்கம் போனபோது பார்த்தேன். குடத்தின் மேல் கோழி எச்சம் போட்டிருந்தது. கோழியைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது.

கள்ளக்குறிச்சியைத் தாண்டிக் கீழே வரும் ஆற்றின் கரையில் எங்கள் ஊர். என் மனைவிக்கு வடக்கனந்தல் பக்கம். கல்யாணமாகி வந்த புதிதில் ஆற்றைப் பார்த்துவிட்டு, "இதுவா எங்கூர்ல ஓடற ஆறு?" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டாள். மலையிலிருந்து இறங்கும்போது காலடி மணல் தெரியும் தண்ணீர், எங்களிடம் வருவதற்குள் வழியிலுள்ள சாக்கடையையெல்லாம் வாங்கிக்கொண்டு வந்துவிடும். போர் போட்டாலும் உப்பு. நெற்பயிர் தாங்கும், கரும்பு தாங்கும், நாக்கு தாங்காது. எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் கேன் தண்ணீர்தான்.

ஒரே ஒரு இடம் மட்டும் வேறு. ஊருக்குக் கிழக்கே ஆறு வளையும் இடத்தில், அக்கரையிலிருந்து ஒரு ஓடை மணலுக்கு அடியில் வந்து சேரும். அங்கே இரண்டடி தோண்டினால் ஊற்று இனிக்கும். காலனிப் பெண்கள் பொங்கல் முடிந்து ஆறு வற்றியதும் அங்கே ஊற்றுத் தோண்டுவார்கள். முதல் குடத்தை மொண்டு மணலிலேயே கொட்டிவிட்டு, இரண்டாவது குடத்திலிருந்துதான் வீட்டுக்கு எடுப்பார்கள். பக்கத்தில் ஒரு குச்சியை நட்டு, அதில் கொட்டாங்கச்சியைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். யார் வந்தாலும் அதில் மொண்டு குடிக்கலாம். வெள்ளம் வந்தால் ஊற்று மூடிப்போகும், அடுத்த தையில் நாலடி தள்ளி வேறொன்று தோண்டுவார்கள். காலனியிலும் ஒரு குழாய் உண்டு. அதில் வருவது போர் தண்ணீர், பாத்திரம் கழுவ மட்டும் ஆகும். குடிக்க ஊற்றுதான்.

எங்கள் வயலில் களையெடுக்க வரும் அம்மாதான் வருடா வருடம் அந்த முதல் குடத்தை மொள்ளுகிறவர். என் அம்மாவைவிடச் சில வயது இளையவர். என்னை "வாங்க வாத்தியாரே" என்பார், நான் அவரை "நீ வா, நீ போ" என்பேன். இங்கே 'அவர்' என்று எழுதுகிறேன். நேரில் வாயில் வராத மரியாதை பேனாவில் எவ்வளவு சுலபமாக வருகிறது பாருங்கள்.

இந்த நிலையில்தான் ஆற்றுப் படுகையில் ஆழமாகப் போர் போட்டுத் தண்ணீர் எடுத்து உப்பு நீக்கிக் குழாயில் அனுப்பும் நிலையம் ஒன்று எங்கள் ஊருக்கு வரப்போகிறது என்றார்கள். வீட்டுச் சுவரில் மாட்டும் தண்ணீர் மெஷினைப் பார்த்திருப்பீர்கள். அதன் பின்னால் ஒரு சின்னக் குழாய் தொங்கும், பிரித்தெடுத்த உப்பெல்லாம் சேர்ந்த வேண்டாத தண்ணீர் அதில் ஒழுகும். அந்தச் சின்னக் குழாயை ஆள் நுழையும் அளவுக்குப் பெரிதாக்கி நினைத்துப் பாருங்கள். எங்கள் ஊருக்குக் காட்டிய திட்டத்தில் அந்தக் குழாயின் வாய் எங்கள் வாய்க்காலில் திறந்தது. வாய்க்காலுக்குக் கீழேதான் எங்கள் தெருக்காரர்களின் நிலம் முழுக்க. என் அண்ணனுடைய கரும்பும், எங்கள் பங்கு மரவள்ளியும் அதில் அடக்கம். அதுவரை பஞ்சாயத்துக் கூட்டத்துக்குக்கூட எழுந்து வராதவர்கள் எல்லாம் ஒரே நாளில் ஆற்றின் பிள்ளைகளாகிவிட்டார்கள்.

அண்ணன்தான் போராட்டக் குழுத் தலைவர். ஆள் காட்ட எங்கள் தெரு போதாது, காலனி வேண்டும். அவரே காலனிக்கு நடந்து போனார். என் நினைவு தெரிந்து சாவுக்குக்கூட அவர் அந்தப் பக்கம் போனதில்லை. "உங்க ஊத்து போயிடும், நாங்க வுடமாட்டோம்" என்று பேசினார். வேலையை விட்டுவிட்டு மூன்று முறை அவர்கள் கள்ளக்குறிச்சி கலெக்டர் ஆபீஸுக்கு வந்தார்கள். வெயிலில் முன்வரிசையில் உட்கார்ந்தது அவர்கள், நிழலில் நின்று பேட்டி கொடுத்தது நாங்கள். இந்த ஏற்பாட்டை யாரும் போடவில்லை, தானாகவே அப்படி அமைந்தது.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய காரியத்தில் எல்லோரும் கட்டுப்பட வேண்டுமென்றால் அம்மன் கோயிலில் கற்பூரம் அணைப்போம். தட்டில் கற்பூரம் எரியும். வீட்டுக்கு ஒருவர் உள்ளங்கையால் அதை அடித்து அணைத்து, இன்னதைச் செய்யமாட்டேன் என்று சொல்ல வேண்டும். மீறினால் குடும்பம் விளங்காது என்பது நம்பிக்கை. 'ஆற்றை விட்டுக்கொடுக்க மாட்டோம், யாரும் தனியாகப் போய்ப் பேசமாட்டோம்' என்று எங்கள் தெரு முழுவதும் அணைத்தது. நானும் அணைத்தேன், கை சுட்டது. காலனிக்காரர்கள் கோயில் தெருமுனையில், விளக்குக் கம்பத்துக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார்கள். அந்த அம்மா எட்டிப் பார்த்து, "நாங்களும் வந்து அணைக்கணுங்களா?" என்று கேட்டார். அண்ணன் பெருந்தன்மையாகச் சிரித்தார். "உங்களுக்கும் சேத்துத்தாம்மா நாங்க அணைக்கிறோம்."

அன்று அதைக் கேட்டு எனக்குக் கண் கலங்கியது.

மனுவை நான்தான் எழுதினேன். ஊற்றைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். குச்சி, கொட்டாங்கச்சி, கொட்டும் முதல் குடம் எல்லாம் அதில் இருந்தது. படித்த அதிகாரி ஒருவர் நிமிர்ந்து பார்த்து, "நல்லா எழுதியிருக்கீங்க" என்றார். கூடவே ஒரு வரைபடமும் கேட்டார்கள். வாய்க்கால், நிலம், கிணறு, கோயில், களம் எல்லாவற்றையும் சர்வே நம்பரோடு வரைந்தேன். ஊற்றை வரையவில்லை. வேண்டுமென்று செய்யவில்லை என்றால் யார் நம்பப் போகிறார்கள்? அதற்கு நம்பர் இல்லை, வருடா வருடம் இடம் மாறும். பட்டா இருப்பதைத்தான் இடம் என்று நினைத்துப் பழகிய வீட்டில் பிறந்தவன் நான். வளைவுக்குக் கீழே தாளை வெள்ளையாக விட்டுவிட்டேன்.

சில மாதம் கழித்து ஒரு காலையில் இன்ஜினியர் ஒருவர் அண்ணன் வீட்டுக்கு வந்தார். மரியாதையான பையன், பேச்சில் கர்வம் இல்லை. தனக்கு வேண்டிய தண்ணீரைப் பாட்டிலில் கையோடு கொண்டுவந்திருந்தார். குழுவில் ஐந்தாறு பேர் கூடினோம், காலனிக்குச் சொல்லி அனுப்பவில்லை. முறுக்கும் டீயும் வந்தன. இன்ஜினியர் என் படத்தின் நகலை மேஜையில் விரித்தார்.

"உங்க நிலத்துக்குப் பிரச்சினை இல்லாம பண்ணிடலாம் சார். கழிவுத் தண்ணி குழாய வாய்க்கால்ல விடாம இப்படியே நீட்டிக் கீழ கொண்டு போயிடலாம்." விரல் வளைவைத் தாண்டி அந்த வெள்ளையில் போய் நின்றது. "இங்க என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல சார். பொறம்போக்கு," என்றார் அண்ணன்.

"மனுவுல ஊத்துன்னு ஒரு பக்கம் எழுதியிருந்தீங்களே, அது எங்க வருது?"

அண்ணன் முறுக்கைக் கடித்தபடியே சொன்னார். "அதெல்லாம் அந்தக் காலம் சார். இப்ப யாரு ஊத்துத் தண்ணி குடிக்கிறாங்க? எல்லாம் கேனுதான்."

முறுக்குத் துகள் படத்தின் மேல், சரியாக அந்த வளைவில் விழுந்தது. மற்றவர்கள் தலையாட்டினார்கள். இன்ஜினியர் என்னைப் பார்த்தார்.

"படம் நீங்கதானே சார் வரைஞ்சது? எதுவும் விட்டுப் போகலையே?"

பையிலேயே பேனா இருந்தது. ஒரு வட்டம் போட்டு, இதுதான் ஊற்று, இன்றைக்குக் காலையில்கூடப் பத்துக் குடம் அங்கே நின்றது என்று சொல்லியிருக்கலாம். எங்கள் பங்கு மரவள்ளி தப்பித்தது என்று என் மனது ஏற்கெனவே ஆறுதல் அடைந்துவிட்டிருந்தது. அதுதான் உண்மை.

"இல்ல சார்," என்றேன்.

அத்தோடு போராட்டம் முடிந்தது. முடிந்தது என்று யாரும் அறிவிக்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை மனு கொடுக்க யாரும் கிளம்பவில்லை, அவ்வளவுதான். எங்கள் தெருவுக்கு நிலையத்திலிருந்து முதலில் குழாய் வரும், காலனிக்கு அடுத்த கட்டத்தில் வரும் என்ற பேச்சும் சேர்ந்துகொண்டது. ஆற்றின் பிள்ளைகள் தூங்கப் போய்விட்டார்கள்.

வளைவுக்குப் பக்கத்தில் குழாய்க்குப் பள்ளம் தோண்ட ஆரம்பித்த அன்று அந்த அம்மா என் வீட்டு வாசலுக்கு வந்தார். முந்தானையில் மணல் ஒட்டியிருந்தது.

"இன்னாங்க வாத்தியாரே, ஊத்துக்கிட்ட பள்ளம் தோண்டிக்கினு இருக்காங்க? கேட்டா ஊர்ல ஒத்துக்கினாங்கன்றாங்க. நாம கற்பூரம் அணைச்சமே?"

நாம் என்றார். நான் அண்ணனிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். தலை நரைக்கிற வயதில் ஒருவன் சொல்கிற பதிலா இது? ஆனாலும் போய்க் கேட்டேன். அண்ணன் கரும்புக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார்.

"அவங்க கற்பூரம் அணைச்சாங்களாடா? இல்லல்ல? அணைச்சவனுக்குத்தான் கட்டு. நம்ம நெலத்துல ஒரு சொட்டு வராது. அத்தோட வுடு."

"அவங்களுக்கும் சேத்துன்னு நீதான சொன்ன?"

"கூட்டத்துல ஆயிரம் சொல்லுவாங்க," என்று மண்வெட்டியால் மடையை மாற்றினார். "அவ்ளோ அக்கறை இருந்தா அன்னிக்கே அந்த ஆள்கிட்ட நீ சொல்லியிருக்கணும். வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்த?"

என் அண்ணன் பொய் பேசினார் என்று ஊர் முழுக்கச் சொல்லலாம். இந்த ஒரு விஷயத்தில் அவர் பேசியது உண்மை, அதனால்தான் அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்காமல் போனது. அந்த அம்மாவுக்கு நான் பதில் சொல்லவே இல்லை. அவர் எங்கள் வயலுக்குக் களையெடுக்க வருவதை நிறுத்திக்கொண்டார். காலனிக்காரர்கள் தனியாகக் கலெக்டர் ஆபீஸுக்குப் போனார்கள். 'உங்க ஊர்க்காரங்க குடுத்த படத்துல அங்க ஊத்தே இல்லையே' என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். படத்தின் கீழே ஓரத்தில் என் கையெழுத்து அழகாக இருந்திருக்கும். கையெழுத்துக்கு நான் பேர் போனவன்.

இந்தக் கோடையில் நிலையத்தைச் சோதனைக்கு ஓட்டினார்கள். முதல் வாரத்திலேயே எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் வந்தது. இனிப்பாகவே இருந்தது என்றாலும் பழக்கதோஷத்தில் கேனை நிறுத்தவில்லை. எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அந்த அம்மா இடுப்பில் குடத்தோடு வாசலில் நின்றார். அந்தக் குச்சியிலிருந்து எடுத்த கொட்டாங்கச்சி குடத்தில் மிதந்தது. மொண்டு என் முன்னால் நீட்டினார்.

"படம் போட்டது நீதான? குடி."

முதல் முறையாக என்னை 'நீ' என்றார். தெருவில் இரண்டு வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். வாங்கிக் குடித்தேன். குடித்தேன் என்று சொல்வது தப்பு. நாக்கில் பட்டதும் உடம்பு அதை ஏற்கவில்லை. கடல் தண்ணீர் போல வெறும் உப்பு இல்லை, உப்போடு கசப்பும் ஏதோ மருந்து நாற்றமும். நான் முடிவு செய்வதற்குள் வாய் துப்பிவிட்டது, அவர் காலடியில்.

அவர் நகரவில்லை. தெறித்த ஈரத்தை ஒருமுறை குனிந்து பார்த்தார்.

"நீ துப்பிட்ட. நாங்க ஒரு வாரமா முழுங்கிக்கினு இருக்கோம்."

கொட்டாங்கச்சியை என் கையிலிருந்து வாங்கி, குடத்திலேயே போட்டுக்கொண்டு திரும்பினார். தண்ணீரைக் கீழே கொட்டவில்லை. வீட்டில் குடிப்பதற்கு அதுதான் இருந்தது.

அவர் தெருமுனை விளக்குக் கம்பத்தைத் தாண்டும் வரையாவது நான் வாசலில் நின்றிருக்கலாம். நிற்கவில்லை. உப்பு தாங்காமல் உள்ளே ஓடி, கேன் தண்ணீரை எடுத்து மூன்று முறை வாய் கொப்பளித்தேன்.