பயற்றுப் பட்டியலும் ஏழு இறாத்தல் ஈயமும்

சின்ன வயதில் நான் குண்டு. இதைச் சொல்ல எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. கொழும்பில் கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையில் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள், கேட்காவிட்டாலும் சொல்லியிருப்பார்கள். அப்பாவுக்குப் புறக்கோட்டையில் ஒரு புடைவைக் கடையில் துணி அளந்து கிழிக்கிற வேலை. இரண்டாம் உலக யுத்தகாலம், அரிசி எல்லாம் கூப்பனுக்குத்தான். ஆனாலும் அம்மா எங்கேயோ மாவைத் தேடிப் பிடித்து விடியவே புட்டு அவித்துவிடுவார். திங்கள் புட்டு, செவ்வாய் புட்டு, புதனும் அதே கண்றாவி. வாழையிலைப் பொட்டலத்தில் புட்டும் ஒரு மீன் பொரியலும் வைத்துக் கட்டி, மத்தியானம் சாப்பிடு என்று பள்ளிக்கூடப் பையில் திணித்து அனுப்புவார்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் அரசாங்கம் இலவசமாக மதியச் சாப்பாடு கொடுத்தது. எல்லாருக்கும் இல்லை, மெலிந்த பிள்ளைகளுக்கு மட்டும். மூன்று மாதத் தவணைக்கு ஒருமுறை டொக்டர் வந்து மண்டபத்தில் நிறை பார்க்கிற மெசினை வைப்பார். வரிசையாக ஏற்றி இறக்கி ஒரு பட்டியல் எழுதுவார். பட்டியலில் பெயர் இருந்தால் ஒரு தகரக்கோப்பை அவித்த பயறு, ஒரு குவளை பால்மாப் பால். என் முறை வந்தபோது முள் நிற்கமுன்னமே டொக்டர் என்னை இறங்கு என்று கைகாட்டிவிட்டார். மெசின் தாங்குமா என்று பார்க்கத்தான் என்னை ஏற்றினது என்று ரீச்சர்மார் சிரித்தார்கள். நல்ல ரீச்சர்மார்.

வகுப்பில் என்னோடு ஒரே வாங்குப் பலகையில் இருந்தவள் பட்டியலில் முதலாவது பெயர். மட்டக்குளியில் இருந்து நடந்து வருவாள், தகப்பன் கடலுக்குப் போகிறவர். காற்றடித்தால் பிடித்துக்கொள்ள வேண்டிய அளவுக்கு மெலிவு. அவளுடைய பயறுதான் என் வாழ்க்கையைக் கெடுத்தது. சமைக்கிற அக்கா அந்தப் பயற்றில் வெங்காயமும் செத்தல் மிளகாயும் தாளித்துக் கொட்டி, மேலே தேங்காய்ப்பூத் தூவுவார். அந்த வாசம் வகுப்புக்குள் வந்தால் எனக்குக் கணக்கு ஓடாது, சமயபாடம் ஓடாது, ஒன்றுமே ஓடாது.

ஒருநாள் கேட்டேவிட்டேன். பயற்றைத் தா, புட்டுப் பொட்டலத்தைத் தருகிறேன் என்றேன். அவள் உடனே கோப்பையை நீட்டினாள். அன்றிலிருந்து தவணை முழுவதும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் எங்கள் பண்டமாற்று நடந்தது. நான் அங்கேயே நின்று பயற்றை விழுங்குவேன், பாலையும் விடமாட்டேன். அவள் பொட்டலத்தைப் பைக்குள் வைத்துக்கொள்வாள். பிறகு சாப்பிடுகிறேன் என்பாள். வீட்டுக்கு நடக்கிறபோது சாப்பிடுவாளாக்கும் என்று நினைத்தேன். அதற்கு மேல் நான் ஏன் யோசிக்கப்போகிறேன், என் வாய் நிறையப் பயறு.

தவணை முடிய டொக்டர் மறுபடியும் வருகிறார் என்று பெரிய ரீச்சர் அறிவித்தார். பட்டியலைப் புதிதாக எழுதுவாராம். என் தோழியைப் பார்த்தேன், முன்னை விடக் கூட மெலிந்திருந்தாள். பரீட்சையில் புள்ளி ஏறினவளை மேல்வகுப்பில் ஏற்றுவார்கள், ஏறாதவளை இருத்திவிடுவார்கள். நிறையும் அப்படித்தானே இருக்கும்? ஒரு தவணை அரசாங்கத்துப் பயற்றைத் தின்றும் நிறை ஏறாதவளின் பெயரை வெட்டாமல் என்ன செய்வார்கள்? இதை அவளுக்கு விளக்கினேன். அவள் முகம் வெளுத்துப்போய்விட்டது. பெயரை வெட்டினால் நான் செத்தேன் என்றாள். பயறு போய்விடுமே என்று நானும் செத்துக்கொண்டுதான் இருந்தேன்.

வழி கண்டுபிடித்தது நான்தான், வேறு யாருக்கு அந்த மூளை இருக்கிறது. அவள் தகப்பனின் வலையில் கட்டுகிற ஈயக்குண்டுகள் வீட்டு மூலையில் ஒரு சாக்கில் கிடந்தன. அவற்றில் கொஞ்சத்தை எடுத்துவரச் சொன்னேன். என் பழைய பாவாடையைக் கிழித்து நீளப்பட்டியாகத் தைத்து, குண்டுகளை அதற்குள் வரிசையாக அடைத்து, டொக்டர் வந்த அன்று காலையில் அவள் சட்டைக்குள் இடுப்பைச் சுற்றிக் கட்டிவிட்டேன். அவள் நடந்தாள். நிறைமாதக்காரி மாதிரி முதுகை வளைத்துக்கொண்டு, காலை அகட்டி அகட்டி நடந்தாள். ஒவ்வொரு அடிக்கும் டொக்கு டொக்கென்று சத்தம். இருமிக்கொண்டே நட, கேட்காது என்றேன்.

இருமி இருமியே மெசினில் ஏறினாள். முள் பாய்ந்தது. டொக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். ஏழு இறாத்தலுக்குக் கிட்ட ஏறியிருந்தாள். பெரிய ரீச்சருக்கு வாயெல்லாம் பல். டொக்டர் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிவிட்டுப் பட்டியலில் ஒரு கோடு இழுத்தார். ரீச்சர் எங்களுக்குத் தமிழில் சொன்னார்.

"பிள்ளை நல்லாத் தேறிட்டா. இனி அவவுக்குச் சாப்பாடு தேவையில்லை. மெலிஞ்ச வேற பிள்ளைக்குக் குடுக்கலாம்."

என் மூளை அப்படியே நின்றுவிட்டது. நிறை ஏறினால்தான் வெட்டுவார்கள் என்று உலகத்தில் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. அவள் மெசினிலிருந்து இறங்காமல் என்னைப் பார்த்தாள். அழவில்லை. என்னைத்தான் பார்த்தாள். நான் வரிசையைவிட்டு வெளியே வந்தேன். வாயைத் திறந்தால் அடி நிச்சயம், ஆனால் அந்தப் பார்வைக்கு அடி எவ்வளவோ மேல்.

"ரீச்சர், அது அவவின்ர நிறை இல்லை. ஈயம்."

பட்டியை அவிழ்க்கிறபோது தையல் விட்டுப்போய் (என் தையல்தானே) குண்டுகள் மண்டபம் முழுவதும் உருண்டன. சின்ன வகுப்புப் பிள்ளைகள் அவற்றின் பின்னால் ஓடினார்கள். ஒன்று உருண்டுபோய் இங்கிலாந்து மகாராசா படத்துக்குக் கீழே நின்றது. டொக்டர் சிரித்துக்கொண்டே அவளை மறுபடியும் ஏற்றினார். போன தவணையை விட நிறை குறைந்திருந்தது. அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். பயற்றை யார் சாப்பிட்டது என்று ரீச்சர் கேட்டார். நான்தான் என்றேன், அப்போதே சொல்லிவிட்டால் அடி குறையும் என்று ஒரு நப்பாசை. என் புட்டை அவளுக்குக் கொடுத்தேன் என்றும் நியாயம் பேசினேன். ரீச்சர் அவள் பக்கம் திரும்பினார்.

"அப்ப அந்தப் புட்டைச் சாப்பிட்டனீதானே?"

"இல்லை ரீச்சர். தம்பிமார் மூண்டு பேர் இருக்கினம். பயறெண்டால் வழியில கொட்டுப்படும். புட்டெண்டால் பொட்டலமா வீட்டை கொண்டுபோகலாம்."

தவணை முழுவதும் அவள் மத்தியானத்தில் ஒன்றுமே தின்றதில்லை. நான் தொட்டிக்குப் பின்னால் கோப்பையை வழித்து நக்குகிறபோது பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. வந்தால் சின்னதாகவா வரும், மூக்கும் வாயுமாக ஒழுகியது. அந்தக் கோலத்திலேயே டொக்டர் என்னைப் பிடித்து மெசினில் ஏற்றினார். ஆறு இறாத்தல் கூடியிருந்தது. அரசாங்கத்துப் பயறு ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்திருந்தது, ஏறவேண்டிய உடம்பில் ஏறவில்லை, அவ்வளவுதான். டொக்டர் யன்னல் பக்கம் திரும்பி நின்றார். சிரிப்பை அடக்கி அடக்கித் தோள் குலுங்கியது.

அவள் பெயரை மறுபடியும் எழுதினார்கள். இனிமேல் பெரிய ரீச்சரின் மேசைக்கு முன்னால் இருந்து சாப்பிட்டு வெறும் கோப்பையைக் காட்டவேண்டும் என்று உத்தரவு. எனக்குக் கெண்டைக்காலில் அடிமட்டத் தடியால் நாலு அடி. குண்டுகளைப் பொறுக்கி எண்ணி அவள் பையில் போட்டோம், தகப்பன் வலையை எடுக்கமுன் சாக்கில் சேர்க்கவேண்டுமே. பள்ளி விட்டு வெளியே வரும்போது அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

"நாளைக்கும் புட்டுக் கொண்டு வருவாய்தானே?"

ஓம் என்றேன். சொன்ன பிறகுதான் என் வயிறு ஞாபகம் வந்தது. பயறும் இல்லை, புட்டும் இல்லை என்றால் நான் காற்றையா குடிப்பது? வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம், டொக்டர் என்னை மெலிவு என்று சொல்லிவிட்டார், மத்தியானச் சாப்பாடு காணாதாம், இன்னும் கூட வேணுமாம் என்றேன். அம்மா தலையிலிருந்து கால்வரை என்னைப் பார்த்தார். பிறகு சுற்றி வந்து பின்பக்கத்தையும் பார்த்தார். அந்த மனிசனுக்குக் கண் தெரியாதோ என்று ஒரு கேள்வி கேட்டார், அவ்வளவுதான்.

மறுநாள் பையில் இரண்டு பொட்டலம் இருந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்ப் பெரியதை அவளிடம் கொடுத்தேன்.