சாக்சபோனுக்கு வந்த சாமி

இத்தாலிக்காரர் இறந்துபோன செய்தியை என் கொழுந்தன்தான் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். "அண்ணி, அங்கிள் போயிட்டாரு. ஞாயித்துக்கிழமை கோயில்ல அவருக்காக மேளம் வைக்கிறோம். நீங்க கண்டிப்பா வரணும்."

தொழிற்சாலையில் டீ நேரம். கையுறையைக் கழற்றிவிட்டு மறுபடியும் படித்தேன். முதலில் அழுகை வந்தது. பிறகு அந்தக் 'கண்டிப்பா' கண்ணில் பட்டு எரிச்சல் வந்தது. எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்று எனக்குத் தெரியாதா? மேளம் அடித்தால் என்மேல் சாமி வரும் என்று எங்கள் ஊர் கோத்தா திங்கியில் ஒரு கோயில் கூட்டமே நம்புகிறது. சாமி என்மேல் வந்ததே இல்லை. இதை நான் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

கொழுந்தன் சிங்கப்பூரில் மேடை வேலை பார்ப்பவன். ஒலிபெருக்கி தூக்குவது, வயர் இழுப்பது. ஊருக்கு வந்தால் உறுமி மேளக் குழுவில் பம்பை அடிப்பான். சில வருடங்களுக்கு முன் அங்கே ஒரு கச்சேரிக்கு இந்த இத்தாலியர் வந்திருந்தார். எழுபதைத் தாண்டியவர், சாக்சபோன் வாசிப்பவர். இவன் சும்மா ஒரு பெட்டியின்மேல் விரலால் தட்டிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு, அது என்ன தாளம் என்று விசாரித்திருக்கிறார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பாலம் தாண்டி மலேசியாவுக்கு, எங்கள் ஜொகூருக்கு வந்துவிட்டார்.

அவர் வாசித்தது ஃப்ரீ ஜாஸ். மெட்டு, தாளக்கட்டு என்று எதையும் முன்கூட்டி வைத்துக்கொள்ளாமல் அந்த நேரத்தில் தோன்றுவதை வாசிப்பது. இத்தாலியில் மற்றவர்கள் எல்லாம் அமெரிக்க இசைத்தட்டுகளைக் கேட்டு அதே மாதிரி வாசித்துக்கொண்டிருந்த காலத்தில், அதை உதறிவிட்டு முதலில் கிளம்பிய சிலரில் இவர் ஒருவர் என்று கொழுந்தன் சொன்னான். எனக்கு அப்போது அதெல்லாம் புரியவில்லை. செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய எங்கள் அம்மன் கோயிலில் திருவிழாவுக்கு முந்தின ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. நான் கொட்டகையில் எல்லோருக்கும் அரிசிச் சேமியாவில் கிளறிய மீஹூன் பரிமாறிக்கொண்டிருந்தேன்.

அவர் வெகுநேரம் மேளத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து வாசிக்க ஆரம்பித்தார். பையன்கள் அடித்த அடியோடு சேராமல், அதற்கு எதிராகப் போனார், விட்டார், திரும்பி வந்தார். ஒவ்வொருவராகக் குழம்பி நிறுத்தத் தொடங்கினார்கள். உறுமிக்காரன் மட்டும் விடாப்பிடியாக இழுத்துக்கொண்டிருந்தான்.

எனக்குக் குழப்பமே இல்லை. அதுதான் ஆச்சரியம். அவர் எங்கே மூச்சு வாங்குவார், எங்கே மேலே ஏறுவார் என்று என் உடம்புக்குத் தெரிந்தது. அகப்பையை வைத்துவிட்டு ஆட ஆரம்பித்தேன். கல்யாண வீட்டில்கூடக் கை தட்டியதோடு நின்றவள் நான். அவர் ஒரு சுரத்தை நீட்டினால் தூக்கிய காலை இறக்காமல் நின்றேன். அவர் இறக்கியபோது இறக்கினேன். அவர் அதைக் கவனித்துவிட்டார். நிறுத்துவதுபோல் பாவனை காட்டி என்னை ஏமாற்றினார். நான் சிரித்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

"ஆத்தா வந்துட்டா!" என்று யாரோ கத்தினார்கள். அவ்வளவுதான். கையில் எலுமிச்சம்பழம் திணித்தார்கள். நெற்றி நிறைய திருநீறு. என் மாமியார் நெடுஞ்சாண்கிடையாக என் காலில் விழுந்தார்.

"அய்யோ, சாமியெல்லாம் இல்ல அத்தை, நான் சும்மா ஆடினேன்," என்றேன்.

"அப்படித்தான் சொல்லும்," என்றார் பூசாரி. "வந்தவங்களுக்கு ஒண்ணும் ஞாபகம் இருக்காது லா."

ஆமாம் என்றாலும் சாமி, இல்லை என்றாலும் சாமி. அன்றிலிருந்து வீட்டில் என்னிடம் யாரும் குரல் உயர்த்தியதில்லை. மாமியார் என்னை நீங்க, வாங்க என்று கூப்பிட ஆரம்பித்தார். ஒரு அம்மா, மகனுக்கு எப்போது கல்யாணம் ஆகும் என்று கேட்டு வந்தார். "முதல்ல அவன வேலைக்குப் போகச் சொல்லுங்க," என்றேன். எரிச்சலில் சொன்னது. அவன் உண்மையாகவே வேலைக்குப் போய்ச் சேர்ந்து தொலைத்தான். அதற்குப் பிறகு என் மதிப்பு எங்கேயோ போய்விட்டது. மரியாதை கசக்குமா என்றால் கசக்காது. ஆனால் அந்த ஆட்டம் என்னுடையது. பிறந்ததிலிருந்து நானாகச் செய்த ஒரு காரியத்தை ஊரே கூடி இன்னொருத்திக்குக் கொடுத்துவிட்டது.

அன்று கூட்டம் கலைந்தபிறகு அவர் காகிதத் தட்டில் மீஹூனோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவருடைய ஆங்கிலமும் அரைகுறை, என்னுடையதும் அரைகுறை. அதனால் நன்றாகவே புரிந்தது.

"எதற்காக உன்னை வணங்குகிறார்கள்?" என்று கேட்டார். சொன்னேன்.

"அதில் கடவுள் எவ்வளவு?"

"கொஞ்சம்கூட இல்லை."

வாயில் உணவோடு சிரித்தார். "தெரியும். என் ஒவ்வொரு மூச்சின் முடிவிலும் நீ காத்துக்கொண்டிருந்தாய். மயக்கத்தில் இருப்பவர் காத்திருக்க மாட்டார்." பத்திரிகைகளில் அவரையும் பைத்தியம், வெறி, ஏதோ பிடித்து ஆட்டுகிறது என்றுதான் எழுதுவார்களாம். தினமும் காலையில் காப்பி குடித்துவிட்டு உட்கார்ந்து பயிற்சி செய்வதை யாரும் எழுதுவதில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார்.

ஆடியது நான்தான் என்று தெரிந்த ஒரே மனிதர் அவர். இனி அந்தச் சாட்சியும் இல்லை. அந்த டீ நேரத்தில் எனக்கு வந்த அழுகையில் பாதி அவருக்கு, பாதி எனக்கு. அவரைப் பற்றி இணையத்தில் வந்திருந்ததைக் கொழுந்தன் அனுப்பியிருந்தான். அதிலும் ஆவேசம், வெறி என்றுதான் இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனிதர் செத்த பிறகும் விடமாட்டார்களா?

ஞாயிற்றுக்கிழமை போனேன். கொட்டகையில் அவர் படத்துக்கு மாலை போட்டு வைத்திருந்தார்கள். பெண்கள் எனக்கு இடம்விட்டு ஒதுங்கி நின்றார்கள். பூசாரி திருநீற்றுத் தட்டோடு தயாராக இருந்தார். பையன்கள் மேளத்தைத் தூக்கினார்கள்.

"மேளம் வேணாம்," என்றேன். "கொஞ்ச நேரம் சும்மா இருங்க."

"மேளம் இல்லாம எப்படி அண்ணி?" என்றான் கொழுந்தன்.

"அதுக்குத்தான்."

மேளம் இல்லாமல் எங்கள் கோயிலில் எந்தச் சாமியும் வந்ததில்லை. அது எல்லோருக்கும் தெரியும். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அந்த அமைதியிலேயே ஆட ஆரம்பித்தேன். அன்று ஆடிய அதே ஆட்டம். ஆடிக்கொண்டே சத்தமாகச் சொன்னேன். "இங்க மூச்சு வாங்கினாரு. இங்க மேல ஏறினாரு, நான் கால இறக்கல. இங்க பம்பை நின்னுச்சு."

"ஆமா!" என்று கத்தினான் கொழுந்தன். "அங்கதான் நான் விட்டேன்!"

"இப்ப நிறுத்துற மாதிரி ஏமாத்துவாரு, பாருங்க." நின்றேன். சிரித்தேன். மறுபடியும் கிளம்பினேன். ஒரு இடம்கூட மறக்கவில்லை. பூசாரி என்னைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், பிறகு மெதுவாக அதைக் கீழே வைத்தார். ஆடி முடித்தபோது எனக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. இந்த வயதில் சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு குதித்தால் வேறென்ன ஆகும்? யாரும் கை தட்டவில்லை, கும்பிடவும் இல்லை.

மாமியார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். எல்லோர் முன்னாலும் என் காலில் விழுந்தவர், அந்தக் கோபம் இருக்கத்தானே செய்யும்? அவர் குனிந்து என் முழங்காலில் கை வைத்தார்.

"வலிக்குதா உனக்கு?" என்றார்.

சாமியிடம் யாரும் அதைக் கேட்பதில்லை.

"வலிக்குது அத்தை," என்றேன். "ரெண்டு முட்டியும் வலிக்குது."